இருபத்திரண்டு நிமிடம்

ஒரு விசில். அடியிலிருந்து மெல்ல ஏறி, உச்சியில் அறுந்தது.

சவரிமுத்து கருவியின் பக்கம் திரும்பினார். வானொலி அலை மேலே போய்விட்டது. வானத்தின் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவது காகிதத்தில் கோடாக விழும். வெயில் குறைந்து மண்டலம் மெலிந்தால் கோடு தாழும்.

கிரகணம் முடிந்து சூரியன் முழுதாக நின்றது. அவர் காலையில் விழுந்த கோடுகளின் நேரத்தைப் பென்சிலால் திருத்திக்கொண்டிருந்தார். மாலைத் தபாலில் காகிதம் தலைமை நிலையத்துக்குப் போக வேண்டும்.

எழிலரசி டீச்சர் உள்ளே வந்தார். சவரிமுத்துவைவிட இருபது வயது சின்னவர். தந்தி ஆபீஸில் ஓய்வு பெற்று இங்கே வந்த சவரிமுத்துவுக்கு இந்த வேலையைக் கற்றுத்தருபவர்.

"என்னண்ணே, கடிகாரத்துக்குத் தண்டனையா?"

"இருபத்திரண்டு நிமிஷம் முந்தி ஓடுது டீச்சர். சூரியன் அதிகமா மறைஞ்சது பத்து ஐம்பதுக்கு. கோடு அடியில விழுந்தது பதினொன்னு பன்னிரண்டுக்கு. அப்போ வெளிச்சமே திரும்பிடுச்சே!"

டீச்சர் ரேடியோவைப் போட்டார். ஒரு மணிச் செய்திக்கு முன் வரும் பீப் ஒலித்தது. கருவியின் கடிகாரமும் சரியாக ஒன்று காட்டியது.

"கடிகாரம் தப்பு பண்ணல."

"அப்போ மேலே இருக்கறதுதான் தூங்கிடுச்சா?"

"வெளிச்சம் குறைஞ்சதும் அங்க எல்லாம் காலியாயிடாதுண்ணே. இருக்கறது கரைய நேரமாகும்."

சவரிமுத்து பென்சிலைக் கீழே வைத்தார்.

"என் சம்சாரம் மார்கரெட்டை அடக்கம் பண்ணப்போ எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல டீச்சர். மக பார்த்துக்கிட்டே இருந்தா. 'நீங்க கல்லுப்பா'ன்னு சொல்லிட்டுப் போனவதான். நாலு மாசமா பேச்சில்ல."

"ம்."

"நேத்து ரேஷன் கடை. கார்டு இன்னும் அவ அம்மா பேர்லதான். 'மார்கரெட்'டுன்னு கூப்பிட்டான். வரிசையிலேயே உக்காந்து அழுதுட்டேன். எண்ணெய் டின்னோட நின்னவங்க எல்லாரும் பார்த்தாங்க."

"மககிட்ட சொன்னீங்களா?"

"அன்னைக்கு வராதது இன்னைக்கு வந்தா நடிப்புன்னுதானே நினைப்பா? எனக்கே சந்தேகம். அது நெஜ அழுகைதானா டீச்சர்?"

டீச்சர் ரப்பரை அவர் பக்கம் தள்ளினார். சவரிமுத்து தான் திருத்திய எண்களை ஒவ்வொன்றாக அழித்தார்.

"தலைமை நிலையத்துல கேப்பாங்களே, ரெண்டும் ஏன் ஒத்துவரலன்னு?"

"சூரியன் மறைஞ்ச நேரம் ஒண்ணு. மேலே மெலிஞ்ச நேரம் ஒண்ணு. ரெண்டையும் உள்ளபடி எழுதுங்க."

எழுதினார். பிறகு தொலைபேசியை இழுத்து மகளின் எண்ணைச் சுழற்றினார்.

"நான்தாம்மா. நேத்து கடையில உங்கம்மா பேரைக் கூப்பிட்டாங்க."

மறுமுனையில் சத்தமில்லை. அவள் போனை வைக்கவும் இல்லை.

டீச்சர் மேசையிலிருந்த டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவ வெளியே போனார்.