நூறும் தப்பாகச் சொன்ன பையன்

நெடுங்குளம் நாட்டை ஆண்ட கோவேந்தன் நல்லவர்தான். ஆனால் அவருக்கு நல்ல எண்ணம் ஒன்று வந்துவிட்டால் நாடே படாதபாடு படும். அப்படி வந்த எண்ணம்தான் பள்ளிக்கூடக் கொடை. "படிப்பில் மிகவும் பின்தங்கிய பள்ளிக்குப் புது ஓட்டுக் கூரை, நூறு மூட்டை நெல், ஆறு பால்மாடு. மூன்று மாதத்தில் தேர்வு" என்று முரசறையச் சொன்னார்.

மறுநாளே நாட்டில் படிப்பு நின்றுபோனது. நன்றாகப் படித்த பள்ளிகளில்தான் முதலில் நின்றது. கணக்கைச் சரியாகப் போட்ட ஒரு பையனை வாத்தியார் முட்டி போடவைத்தார். "எம் மவன் எட்டு வருஷமாப் போறான், இன்னும் 'அ' எழுத வராது" என்று சந்தையில் ஒரு தகப்பன் பீற்றிக்கொண்டார். பக்கத்தில் நின்றவருக்கு வயிறு எரிந்தது. அவர் மகனுக்கு 'ஈ' வரை தெரியும்.

நிஜமாகவே தேறாத பள்ளியும் ஒன்று இருந்தது. ஓடைப்பட்டிப் பள்ளி. அதன் கூரையில் ஓலையைவிட வானம் அதிகம். மழை பெய்தால் விடுமுறை. அந்த ஊரில் பாதி வருஷம் மழை. மயிலேறி வாத்தியார் ஒற்றை ஆளாக எழுபது பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "ஐப்பசிக்குள்ள கூரை போடலைன்னா பள்ளிக்கூடத்த மூடிட்டு, புள்ளைகள மாடு மேய்க்க அனுப்பிருவோம்" என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். தேர்வு வந்தபோது ஐப்பசிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

கொடையின் மேல் இன்னொருவருக்கும் கண். கல்வி அமைச்சர் இளந்திரையர். தலைநகரப் பள்ளி அவருடைய மைத்துனர் கையில் இருந்தது. அதற்கு ஏற்கெனவே செப்புக் கூரை உண்டு. அதனால் என்ன? ஆறு மாட்டுக்கும் தொழுவம் கட்டி முடித்துவிட்டார் மைத்துனர்.

தேர்வு அரசவையில் நடந்தது. பள்ளிக்கு ஒரு பிள்ளை. நூறு கேள்வி. 'ஆம்', 'இல்லை' இரண்டில் ஒன்றுதான் பதில். சரியான பதில் எந்தப் பள்ளிக்குக் குறைவோ அதுவே பின்தங்கிய பள்ளி.

மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஐம்பதுக்கு மேல் சரியாகச் சொல்லித் தோற்றுப்போனார்கள். பிறகு தலைநகரப் பள்ளியிலிருந்து கனகசபை வந்தான். நெற்றியில் பட்டையும் கணீரென்ற குரலும்.

"ஏழெட்டு ஐம்பத்தாறா?"

"இல்லை."

"மூவொன்பது இருபத்தெட்டா?"

"ஆம்."

"கடைசி ராசி மீனமா?"

"இல்லை."

நூறும் தப்பு. இளந்திரையர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்கள் மன்னா, எங்கள் பரிதாபத்தை."

அடுத்து ஓடைப்பட்டிப் பூவாயி. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னாள். நாற்பத்தெட்டு சரி.

மயிலேறி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் இருந்தவர் உலகப்பன். அவையில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. மன்னர் கேட்டால் பேசுவார், கேட்காவிட்டால் இன்னும் அதிகமாகப் பேசுவார்.

"ஏன் வாத்தியாரே, கண்ணு கலங்குது?"

"நாப்பத்தெட்டு வாங்கிட்டாளே ஐயா. எப்படி வாங்குனான்னே தெரியல. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கவே இல்லையே."

அந்த மனிதரைப் பார்க்க உலகப்பனுக்குப் பாவமாக இருந்தது. சட்டென்று எழுந்தார்.

"மன்னா, இன்னும் ஒரு மாணவர் பாக்கி."

மடியிலிருந்து தாயம் ஆடும் சோழி ஒன்றை எடுத்துப் பட்டு மெத்தைமேல் வைத்தார். "வாய் மேலே பார்த்து விழுந்தால் ஆம். கவிழ்ந்து விழுந்தால் இல்லை. கேள்விகளைத் தொடங்கலாம்."

மன்னருக்கு இதெல்லாம் கரும்பு தின்பது போல. தலையாட்டிவிட்டார். தேர்வு நடத்திய பெரும்புலவருக்கு எழுபது வயது. வேறு வழியில்லாமல் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு சோழியின் பக்கம் குனிந்தார்.

"ஏழெட்டு ஐம்பத்தாறா?"

சோழி உருண்டது. ஆம் என்றது.

முப்பதாவது கேள்வி தாண்டியபோது அவையே சோழியின் கட்சியாகிவிட்டது. தப்பாக விழுந்தால் உச்சுக்கொட்டினார்கள். ராசிகளில் கொஞ்சம் தடுமாறினாலும் வாய்ப்பாட்டில் பிடித்துக்கொண்டது. முடிவில் ஐம்பத்தொன்று சரி. சேனாதிபதி எழுந்து கைதட்டினார்.

"மன்னா, இந்தச் சோழி மழைக்குக்கூடப் பள்ளிப் பக்கம் ஒதுங்கியதில்லை. அதற்கே ஐம்பத்தொன்று. ஓடைப்பட்டிப் பூவாயி பள்ளிக்குப் போய் அதைவிட மூன்று குறைவாக வாங்கியிருக்கிறாள். இதைவிடப் பின்தங்க முடியுமா?" என்றார் உலகப்பன்.

மயிலேறி பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கள் கனகசபை ஒன்றுகூடச் சரியாகச் சொல்லவில்லையே?" என்று இளந்திரையர் குதித்தார்.

"அங்கேதான் இடிக்கிறது. ஒன்றும் தெரியாதவன் கண்ணை மூடிச் சொன்னாலும் பாதி சரியாகிவிடும். நூறில் ஒன்றுகூடத் தவறிப்போய்ச் சரியாகக் கூடாது என்றால், நூறுக்கும் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டும்." உலகப்பன் பையனிடம் திரும்பினார். "தம்பி, உனக்கு எத்தனை வாத்தியார்?"

இதுநாள்வரை கனகசபையின் படிப்பை ஒருவரும் மெச்சியதில்லை. கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "எட்டுப் பேர் ஐயா. மூணு மாசத்துல எல்லாப் பாடத்தையும் மனப்பாடம் பண்ணவச்சாங்க. அப்புறம் மாத்திச் சொல்லப் பழக்கினாங்க."

இளந்திரையர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மன்னர் தீர்ப்புச் சொன்னார். கூரையும் நெல்லும் மாடும் ஓடைப்பட்டிக்கு. அந்த எட்டு வாத்தியார்களும் அங்கேதான், இனிப் பதிலை மாற்றாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கட்டிய தொழுவம் வீணாவானேன் என்று அதையும் பிரித்து வண்டியில் ஏற்றச் சொன்னார். மயிலேறிக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முறை சந்தோஷத்தில்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்து முடித்தார். "உலகப்பரே, உமக்கு என்ன வேண்டும்?"

"எனக்கு எதுவும் வேண்டாம் மன்னா. இந்தச் சோழியைக் கல்வி அமைச்சராக்கிவிடுங்கள். பாதி நேரமாவது சரியாகச் சொல்லும்."