பெரிய தலை பேட்

"பேட்டோட தலை சின்னதா இருக்கு மாஸ்டர், அதான் பந்து விளிம்புல பட்டுப் பட்டுப் போகுது. நான் என்ன பண்ண?"

மங்கையர்க்கரசி இதை மூன்றாவது பேட்டுக்கும் சொன்னாள். ஒரு வார்த்தை மாறவில்லை.

தபால்துறை டேபிள் டென்னிஸ் அணியில் இருபத்திரண்டு வருஷம். வயது நாற்பத்தேழு. பயிற்சி கொடுக்கும் இனிகோவுக்கு முப்பத்திரண்டு. அதனால் என்ன, அவன் மாஸ்டர், அவள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. அதில் தேறாவிட்டால், இனி அவள் கவுண்டரில் உட்கார்ந்து முத்திரை அடிக்க வேண்டியதுதான்.

"போன மாசம் வாங்கினதே பெரிய தலைதானேக்கா."

"இன்னும் பெருசு வந்திருக்காம். எல்லாரும் அதுக்குத்தான் மாறுறாங்க."

"மாறட்டும். தலை பெருசானா ரப்பரும் பெருசு. கனம் முன்னால இழுக்கும். தள்ளி நின்னு தடுத்து ஆடுறவங்களுக்கு அது சரி. நீங்க மேஜையை ஒட்டி நின்னு அடிக்கிற ஆளு. மணிக்கட்டு திரும்புறதுக்குள்ள பந்து போயிரும்."

"இவ்வளவு பெருசுக்கு மேல கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அப்போ முறத்தைக் கொண்டாங்க. மரத்துல செஞ்சிருந்தாப் போதும்."

அவள் சிரிக்கவில்லை.

"கிண்டல் வேண்டாம் மாஸ்டர். இது இருபத்திரண்டு வருஷம் அடிச்ச கை. கையில ஒரு கோளாறும் இல்ல."

"கையில இல்லதான்."

இனிகோ மேஜையின் மறுபக்கம் போனான். பந்தை இடது உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"சர்வீஸ் போடறேன். எடுங்க."

இடது கை மேலே போனது. வலது கை பேட்டை வீசியது. பக்கத்து மேஜையில் யாரோ அடித்த பந்து டொக்கென்றது.

மங்கையர்க்கரசி வீசினாள். குறையே சொல்ல முடியாத வீச்சு.

"பாத்தீங்களா! மறுபடியும் விளிம்பு!"

இனிகோ சுற்றிக்கொண்டு வந்தான். மூடியிருந்த இடது கையை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் விரித்தான்.

பந்து அதிலேயே இருந்தது.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"கண் ஆஸ்பத்திரிக்கு எப்போ போனீங்க?"

"தையில."

"இது ஐப்பசி."

"சர்க்கரையாம். வலது கண்ணுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம். இடதும் போய்க்கிட்டிருக்காம்."

"வீட்ல தெரியுமா?"

"பேட் வாங்கினது தெரியும். அதுக்கே அந்த மனுஷன் ரெண்டு நாள் பேசல."

இனிகோ பந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவள் திரும்பவும் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். முழங்காலை மடக்கினாள். பேட்டை உயர்த்தினாள். எதிரே ஆள் இல்லை.

"ஒண்ணு போடுங்க மாஸ்டர்," என்றாள். "பந்தோட போடுங்க."