இளவரசி ரத்தினமாலையின் இடது கால்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், சுவரில் எழுதிய சித்திரம் எழுந்து நடமாடிய நாளில், பொழிலூர் நாடு என்று ஒரு நாடு இருந்தது. குழந்தைகளே, கேளுங்கள். பெரியவர்களே, நீங்கள் இன்னும் நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த தப்பெல்லாம் பெரியவர்கள் செய்ததுதான்.

அந்த நாட்டின் தலைநகரில் ஒரு சித்திரக் கூடம். அதன் சுவரில் ஆடிப் பாடிப் பறக்கும் ஒரு சித்திரம். இளவரசன் சூரியகாந்தனும் இளவரசி ரத்தினமாலையும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட கதை அது. எழுதியவன் மாயகேது என்ற மந்திர ஓவியன். வயது நூற்றைத் தாண்டியும் அவன் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. "எல்லாம் குழந்தைகள் சிரிப்பைக் கேக்கிற புண்ணியம்" என்று மார்தட்டிக்கொள்வான்.

கூடத்து வாசலின் உயரம் ஒரு முழம்தான். ஏழு வயதுக் குழந்தைகள் மட்டும் தவழ்ந்து உள்ளே போகலாம், அதுவும் ஆயுளில் ஒரே ஒரு தடவை. பெரியவர்கள் போனால் கல்லாகிவிடுவார்கள் என்று மாயகேது சொல்லி வைத்திருந்தான். அப்படிக் கல்லாகிப்போன ஒருவரையும் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் நம்பினார்கள். நம்புவதற்கு என்ன செலவு?

பார்த்துவிட்டு வந்த குழந்தைகள் அந்தக் கதையை மறக்கவே இல்லை. வளர்ந்து கல்யாணம் என்று வந்ததும் பெண்கள் எல்லாரும் இளவரசி மாதிரியே ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள். இளவரசி மாதிரியே இடது காலில் சங்கிலிக் கொலுசு போட்டு, சங்கிலியின் மறுமுனையை ஊஞ்சல் பலகையில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் ஆடினார்கள். எதற்கு இப்படி என்று யாராவது கேட்டால், "சித்திரத்தில அப்படித்தானே இருக்கு!" என்று பதில் வரும்.

அந்த ஊரில் சேவந்தி என்று ஒருத்தி. கொலுசு செய்வதில் கெட்டிக்காரி. தலைநகரத்து மணப்பெண்களில் பாதிப் பேர் காலில் கிடந்தது அவள் கைவேலைதான். இப்போது அவளுக்கே கல்யாணம். மாப்பிள்ளை தோணிக்காரன் மருதப்பன். "ஊருக்கெல்லாம் ஏதோ ஒரு மாதிரி செஞ்சு கொடுத்தேன். என் காலுக்கு மட்டும் அசல் ரத்தினமாலை சங்கிலியே வேணும்" என்று ஆசைப்பட்டாள். ஆனால் அந்தச் சங்கிலி எப்படி இருந்தது? எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மருதப்பனைக் கேட்டாள். "சங்கிலியா? எனக்கு அந்த அணில்தான் ஞாபகம் இருக்கு சேவந்தி. குட்டிக்கரணம் அடிச்சு நேரா பாயசத்துக்குள்ள விழுமே!" என்றான்.

அம்மாவைக் கேட்டாள். "பானைங்க எல்லாம் கும்மி அடிக்குமேடி! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விக்கலே வந்துடுச்சு. சங்கிலியை யாரு பார்த்தா?" என்றாள் அம்மா.

கொலுசுக்கு மெருகு போடப் போன இடத்தில் மகாராணியைக் கேட்டாள். "தலைப்பாகை கட்டின கிளி ஒண்ணு வருமே, அது இன்னும் இருக்கா?" என்று மகாராணி அவளையே திருப்பிக் கேட்டாள்.

அணில், பானை, கிளி. நாடு முழுக்க இதே கதைதான்.

சரி, நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள் சேவந்தி. வெள்ளிக்கிழமை காலைதான் குழந்தைகளுக்குக் காட்சி. அவள் போனது வியாழக்கிழமை மத்தியானம், மாயகேது வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குறட்டை விடும் நேரம். தரையோடு தரையாகப் படுத்து, முழங்கை சிராய்க்க அந்தக் குட்டி வாசலில் ஊர்ந்தாள். உள்ளே போனதும் கையைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது. கல்லாகவில்லை.

விரிப்பில் உட்கார்ந்தாள். உடனே சுவர் பளபளத்தது, இசை எழுந்தது, சித்திரம் அசைந்தது. அணில் குட்டிக்கரணம் அடித்தது, பானைகள் கும்மி கொட்டின, கிளி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு பாடியது. இருபத்து மூன்று வயசுக்காரி ஏழு வயசுக்காரி ஆகிவிட்டாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது. அணிலை விட்டுவிட்டு இளவரசியின் இடது காலைப் பார்த்தாள்.

பார்த்தாளா, அவ்வளவுதான். எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள்.

கொலுசு என்றால் திருகாணி இருக்கும். போட வேண்டும், கழற்ற வேண்டும் அல்லவா? திருகாணி இல்லாத கொலுசை எந்தப் பட்டறையிலும் செய்ய மாட்டார்கள். இதிலோ திருகாணி இல்லை, கொக்கியும் இல்லை. வளையத்தின் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, ஆணியை அடித்து இறக்கி, ஆணித் தலையைச் சுத்தியலால் நசுக்கி வைத்திருந்தது. மேலே தங்கப் பூச்சு. ஓயாமல் உரசிய இடத்தில் பூச்சு போய்க் கறுப்பு இரும்பு தெரிந்தது. அந்த இரும்புக்குக் கீழே தோல் புண்ணாகிக் கிடந்தது.

"ஐயையோ, இது விலங்கு!" என்றாள் சேவந்தி.

அடுத்த காட்சி பறக்கும் படகு. மேகத்துக்கு மேலே காதலர்கள் போகிறார்கள். அங்கேயும் அவள் காலோடு சங்கிலி தொங்கிக்கொண்டு வந்தது. மூன்றாவது காட்சி மாலை மாற்றுவது. இளவரசியின் கைகள் தாமாக எழும்பவில்லை. அந்தக் கிளிதான் கயிறு கட்டி முழங்கைகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. பாடிக்கொண்டே தூக்கியது, பாவிக் கிளி! சேவந்தி அன்றுதான் முதன்முதலாக ரத்தினமாலையின் முகத்தைப் பார்த்தாள். உதடு சிரித்தது. கண் சிரிக்கவில்லை. இவ்வளவு பெரிய கண்ணை ஏழு வயதில் எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கதை முடிந்தது. எல்லாக் குழந்தைகளும் "ஆஹா! ஆஹா! ஆஹா!" என்று மூன்று தடவை சொல்லும் இடம் அது. சேவந்தி வாயைத் திறக்கவில்லை. இசை விக்கி நின்றது.

"நீ ஏன் ஆஹா சொல்லல?" என்று கேட்டாள் சித்திரத்துப் பெண்.

"உங்க... உங்க கால்..." சேவந்தி கையை நீட்டிக் காட்டினாள். "இளவரசி, உங்களுக்கு யாரு இப்படிப் பண்ணினது?"

"நான் இளவரசியும் இல்ல, ரத்தினமாலையும் இல்ல. என் பேரு பேச்சி. கடலோரத்துல உப்பளத்துல வேலை பார்த்தேன். மாயகேது வந்து கட்டிக்கிறியான்னு கேட்டான். மாட்டேன்னேன். மூணு தடவை கேட்டான், மூணு தடவையும் மாட்டேன்னேன். அதான் என்னைப் பிடிச்சு இந்தச் சுவர்ல எழுதிட்டான். அந்த அழகு ராஜகுமாரன் இருக்கானே, அது யாருன்னு நினைக்கிறே? அவனேதான். நூறு வருஷமா இந்த ஊஞ்சல்லயே உக்காந்திருக்கேன். வர்ற பிள்ளைங்க அணிலைப் பார்த்துச் சிரிச்சிட்டு, ஆஹான்னு சொல்லிட்டுப் போகுது. ஒரு பிள்ளை ஆஹா சொன்னா சங்கிலியில ஒரு கண்ணி கூடும். அவன் முகத்துல ஒரு சுருக்கம் மறையும்."

சித்திரத்தைச் சுற்றி ஓடிய தங்க வேலைப்பாட்டை நாடே புகழும். சேவந்தி நிமிர்ந்து அதைப் பார்த்தாள். வேலைப்பாடு இல்லை. அது அத்தனையும் சங்கிலி. மடித்து மடித்து, சுற்றிச் சுற்றி வைத்த சங்கிலி. அதில் ஒரு கண்ணி மருதப்பனுடையது. ஒரு கண்ணி அம்மாவுடையது. ஒரு கண்ணி அவளுடையது.

"நானும் சொன்னேன்" என்றாள் சேவந்தி. அழுகை வந்துவிட்டது. "நல்லா சத்தமா சொன்னேன்."

"அழுறதுக்கு நேரம் இல்ல, கேளு. ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, ஒருத்தர் வாயிலயும் ஆஹா வரலைன்னா இந்தச் சாயம் ஈரமாயிடும். ஈரச் சாயத்துக்குள்ள கை நுழையும். ஆனா அவன் கண்ணில பட்டுடாதே. அங்க பாரு."

சித்திரத்தில் இருந்த தோட்டத்தின் மூலையில் இன்னொரு ஊஞ்சல் வரைந்திருந்தது. புதுசு. அதில் யாரும் இல்லை. கீழே ஒரு விலங்கு மட்டும் திறந்து கிடந்தது. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா, சொல்லுங்கள்!

சேவந்தி வீட்டுக்கு வந்து மருதப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ அந்த அணில்..." என்று ஆரம்பித்தான் அவன்.

"அணிலைத் தூக்கி அடுப்பில போடு! அவ காலைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்!"

மருதப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நானும் சொன்னேனே சேவந்தி" என்றான். பிறகு எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்து வந்தான். "அந்த வாசல் எதுக்கு அவ்வளவு சின்னதா இருக்குன்னு இப்பத்தான் புரியுது. நாளைக்கு அதை நான் பார்த்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. கூடத்து வாசலில் நாற்பது குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். சேவந்தி ஒவ்வொரு குழந்தை காதிலும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அணிலைப் பார்க்காதே கண்ணு, அக்காவோட இடது காலைப் பாரு." சொல்லிவிட்டுக் கடைசிக் குழந்தையின் பின்னால் அவளும் ஊர்ந்து போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். இடுப்பில் உளியும் சுத்தியலும் இருந்தன.

சித்திரம் அசைந்தது. ஊஞ்சல் வந்தது. குழந்தைகள் சிரிக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் தூரிகையோடு நின்ற மாயகேதுவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அணிலைப் பாருங்க, அணிலை!" என்றான். தூரிகையை அசைத்ததும் அணில் ஒரு கரணம் அடித்தது. குழந்தைகள் காலைப் பார்த்தார்கள்.

அணில் இரண்டு கரணம் அடித்தது. குழந்தைகள் காலைப் பார்த்தார்கள்.

அணில் மூன்று கரணம் அடித்துப் பாயசத்தில் விழுந்தது. குழந்தைகள் காலையே பார்த்தார்கள். கதை முடியும் இடம் வந்தது. ஆஹா வரவில்லை. பல் விழுந்த ஒரு பொடிசு எழுந்து நின்று, "அக்கா, வலிக்கலையா?" என்று கேட்டது.

நூறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. பேச்சியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வழிந்த இடமெல்லாம் சாயம் ஈரமானது.

சேவந்தி பாய்ந்தாள். இரண்டு கையையும் சுவருக்குள் விட்டு உளியை ஆணித் தலையில் வைத்தாள். "யாரடி அது!" என்று மாயகேது தூரிகையால் அவள் இடது கையில் ஒரு கோடு இழுத்தான். முழங்கை வரை அவள் கை வெறும் சாயமாகிப் போனது! சித்திரக் கையானாலும் அது உளியை விடவில்லை. ஓர் அடி அடித்தாள், ஆணி அசைந்தது. மாயகேது தோள்வரை கோடு இழுத்தான். இரண்டாவது அடி அடித்தாள், ஆணி பிளந்தது. தூரிகை கழுத்துக்கு வந்தது. மூன்றாவது அடி. விலங்கு இரண்டாகத் தெறித்தது!

நூறு வருஷ முதுமையும் மாயகேதுமேல் ஒரே சமயத்தில் இறங்கியது. முடி நரைத்தது, முதுகு வளைந்தது, பல் கொட்டியது. கடைசியில் அவனும் அவன் இளவரசனும் ஒரே சாயக் குழம்பாகச் சாக்கடையில் ஓடிப்போனார்கள். கிளியும் கூடவே போனது. சேவந்தியின் கை பழையபடி கையானது. பேச்சியும், ஊஞ்சலும் சங்கிலிக் குவியலுமாக, சுவரை விட்டு நிஜமாகவே வெளியே வந்துவிட்டாள்.

அந்த நேரம் மருதப்பனின் கடப்பாரை வாசலை இடித்துத் தள்ளியது. சத்தம் கேட்டு ஊரே உள்ளே வந்தது, அரசரும் மகாராணியும் வந்தார்கள். சங்கிலிக் குவியலையும் பேச்சியின் காலையும் பார்த்தார்கள். மகாராணி குனிந்து தன் காலைப் பார்த்தாள். அங்கே நின்ற பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் காலைப் பார்த்தார்கள். சேவந்தியின் அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அரசர்தான் முதலில் பேசினார். "அம்மா, என் நாடு உனக்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டது. ஒரு கிராமம் தருகிறேன்."

பேச்சி வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"அரண்மனையில் தங்கிக்கொள்."

அதற்கும் தலையை அசைத்தாள்.

"என் மகனையே உனக்கு மணமுடித்து வைக்கிறேன்!"

கூட்டத்தில் இரண்டொரு பேர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார்கள். சேவந்தி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்கள்.

"அதெல்லாம் வேணாங்க ராசா" என்றாள் பேச்சி. "உக்காந்து உக்காந்து சலிச்சுப் போச்சு. நான் கொஞ்ச நேரம் நிக்கணும்."

சேவந்தி தோளைக் கொடுத்தாள். பேச்சி ஊஞ்சலை விட்டு இறங்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி எழுந்தாள். விழப் பார்த்தாள், சமாளித்துக்கொண்டாள். பிறகு சேவந்தியின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றாள். யாரும் கைதட்டவில்லை, யாரும் ஆஹா சொல்லவில்லை. அவள் நிற்கிற வரைக்கும் அரசரிலிருந்து அந்தப் பல் விழுந்த பொடிசு வரை அத்தனை பேரும் கூடவே நின்றார்கள்.

மறுநாள் மருதப்பன் தன் தோணியில் அவளைக் கடலோரம் கொண்டுபோய் விட்டான். அதற்கு அடுத்த நாள் சேவந்திக்கும் அவனுக்கும் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊரைச் சுற்றி நடந்தே வந்தார்கள், நன்றாக நூறு வயசு வாழ்ந்தார்கள்.

கதை இவ்வளவுதான். எழுந்து நில்லுங்கள், கால் மரத்துப் போயிருக்கும்.