கிளம்பிக் கிளம்பித் திரும்பிய கரடி

கூகைமலைக் காட்டில், சுனைக்கு மேலே ஒரு குகை. அதில் அங்காயி என்ற கரடியும் செவலை என்ற நாயும் ஒன்றாகக் குடியிருந்தார்கள்.

கரடிக்கும் நாய்க்கும் என்ன உறவு என்று கேட்கிறீர்களா? ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் ஒரு மழைக்காலம் மலையடியில் தங்கினார்கள். கிளம்பும்போது தங்கள் கிடைநாய் செவலையைப் பார்த்து, "இங்கேயே இருடா, வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்த செவலை எலும்பும் தோலுமாக ஆனான். அவனை அங்காயிதான் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்து குகையில் சேர்த்தாள்.

அங்காயி தங்கமான மனசுக்காரி. ஒரே ஒரு பைத்தியம், சகுனம். பூனை குறுக்கே போனால் திரும்பிவிடுவாள். ஒற்றைத் தும்மல் கேட்டால் திரும்பிவிடுவாள். "எங்கே போறே?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் அன்றைக்குத் தொலைந்தார்கள். குகைக்குள் வந்து, கொஞ்சம் உட்கார்ந்து, பாறையிடுக்கில் சொட்டும் தண்ணீரை ஒரு வாய் குடித்த பிறகுதான் மறுபடி காலை வெளியே வைப்பாள்.

செவலையிடமும் ஒரு தொந்தரவு இருந்தது. தனியாக விட்டால் குகையை அசிங்கம் செய்துவிடுவான்.

அந்தக் காட்டுச் சிறுத்தைக்கு நாய்க்கறி என்றால் உயிர். அதனால் அங்காயி இரை தேடப் போகும்போதெல்லாம் வாசலில் ஒரு பெரும்பாறையை உருட்டி அடைத்துவிட்டுப் போவாள். அதற்கு முன்னால் செவலையைப் புதர்ப்பக்கம் கூட்டிப்போய், எல்லாம் முடித்துத்தான் கூட்டிவருவாள். அப்படியும் திரும்பி வந்து பாறையைத் தள்ளினால் நாற்றம் குடலைப் புரட்டும். மேலே தொங்குகிற வௌவால்கள் பாதி மயக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த காட்டெருமைக் கூட்டம் வேறு காட்டுக்குக் குடிபெயர்ந்ததே இதனால்தான். சந்தேகம் உள்ளவர்கள் காட்டெருமையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அங்காயி கிளம்புவதே ஒரு கூத்து. செவலையின் தலையை நக்குவாள். கட்டிக்கொள்வாள். "அழாதேடா கண்ணு, பயப்படாதே, வந்துடறேன்" என்பாள். நாலடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, "வந்துடறேன், என்ன?" என்பாள். ஆட்டுக்காரர்கள் சொன்ன அதே சொல்! அதைக் கேட்டதுமே செவலைக்கு வயிறு கலங்கத் தொடங்கும். பாறை உருண்டு இருட்டானதும் ஊளையிடுவான். அப்புறம் நடப்பது அவன் கையில் இல்லை.

இந்த விஷயம் நரியின் காதுக்குப் போயிற்று. நரி வந்து வாசலில் உட்கார்ந்தான்.

"அக்கா, உன் நாய் உன்னைப் பழிவாங்குது. நீ போன கோபத்தை இப்படிக் காட்டுறான்."

"அப்படியா சொல்றே? பார்த்தா பாவமா இருக்கானே."

"பாவமாவது. திரும்பி வந்ததும் மூக்கைப் பிடிச்சு அதிலேயே தேய். முதுகுல நாலு சாத்து. ஒரே நாள்ல சரியாயிடும்."

அங்காயி அழுதுகொண்டே அப்படியே செய்தாள். செவலை ஒன்றும் புரியாமல் மூலையில் ஒடுங்கினான். முன்பெல்லாம் அவள் போவதற்கு மட்டும் பயந்தான். இப்போது அவள் வருவதற்கும் பயந்தான். பயம் இரண்டானது, அசிங்கமும் இரண்டு இடத்தில் ஆனது.

வேறு வழி தெரியாமல் அங்காயி வெளியே போவதையே நிறுத்தினாள். இலுப்பைப்பூ கொட்டுகிற காலம். காடே மணக்கிறது. இவள் பட்டினியாகக் குகைக்குள் உட்கார்ந்திருந்தாள். பசி பொறுக்காமல் ஒரு நாள் போய்வந்தாள். மறுபடியும் அதே கதை.

மறுநாள் காலையில் முள்ளம்பன்றியார் வந்துவிட்டார். குகை அவருடைய பாட்டன் முப்பாட்டன் காலத்துச் சொத்து. பின்பக்க வளையில் அவர் குடும்பம் இருந்தது. கோபத்தில் முள் எல்லாம் சிலிர்த்து, ஆள் இரண்டு மடங்காகத் தெரிந்தார்.

"அங்காயி, என் சம்சாரம் பிள்ளைத்தாச்சி. இந்த நாத்தத்துல அவளால ஒரு கிழங்கு வாயில வைக்க முடியலை. நான் எத்தனை நாள் பொறுப்பேன்?"

"வேணும்னு பண்ணலை பெரியப்பா" என்றான் செவலை. "அக்கா போனதும் வயிறு தானா கலங்கிடுது."

"உன் வயித்தை நீ பார்த்துக்கோ. என் மூக்கை நான் பார்த்துக்கறேன். இன்னிக்கு சாயங்காலம் வந்து மோந்து பார்ப்பேன். நாறினா நீ வெளியே. அப்புறம் உன் பாடு, சிறுத்தை பாடு."

அங்காயி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அசையவில்லை.

இதையெல்லாம் புதருக்குப் பின்னால் இருந்து கேட்ட நரிக்கு வாயில் எச்சில் ஊறியது. சிறுத்தைக்கும் அவனுக்கும் ஏற்கெனவே பேச்சு முடிந்திருந்தது. நாய் வெளியே வந்தால் கறி சிறுத்தைக்கு, குடலும் தலையும் நரிக்கு.

நரி உட்கார்ந்து யோசித்தான். 'கரடி ஒரு தடவை போய்வர்றேன்னு சொன்னாலே நாய் இவ்வளவு பண்றான். பத்துத் தடவை சொன்னா குகையே மிதக்குமே!'

கரடியைப் பத்துத் தடவை திருப்பி அனுப்பினால் போதும். அதற்குச் சகுனம் இருக்கிறது. ஆனால் நரி தானே குறுக்கே போக முடியாது. நரி எதிரே வந்தால் போகிற காரியம் பழம் என்று காடே நம்புகிறது. அதனால் அவன் காட்டுப்பூனையைத் தேடிப் போனான்.

"பொன்னி, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். கரடி வரும்போது வழியில குறுக்க நட. அவ்வளவுதான்."

"நடந்தா?"

"அவ பயந்து ஓடிடுவா."

"என்னைப் பார்த்தா? அந்தக் கரடியா?" பூனைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே மீசையை நக்கிச் சரிசெய்துகொண்டாள்.

அங்காயி கிளம்பினாள். நக்கினாள், கட்டிக்கொண்டாள், அழுதாள். பாறையை உருட்டிவிட்டுப் பத்தடி போனாள். பூனை குறுக்கே போனாள்.

"சிவ சிவா!" அங்காயி திரும்பினாள். பாறையைத் தள்ளினாள். உள்ளே வயிறு கலங்க ஆரம்பித்திருந்த செவலை, அவளைக் கண்டதும் துள்ளி மேலே விழுந்தான். அவள் உட்கார்ந்தாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், எழுந்தாள்.

"வந்துடறேன்டா கண்ணு."

மறுபடி பாறை. மறுபடி பத்தடி. இந்தத் தடவை மரத்தின் தாழ்ந்த கிளையில் இருந்த குரங்கு தும்மிற்று. நரிதான் காய்ந்த மிளகை நசுக்கி அதன் மூக்குக்கு நேரே ஊதியிருந்தான். ஒற்றைத் தும்மல். அங்காயி திரும்பினாள். செவலை வாலை ஆட்டினான்.

அடுத்து மறுபடியும் பூனை. அதற்கடுத்தும் பூனை. பொன்னி அன்றைக்கு நடந்த நடையில் புல் தேய்ந்து அங்கே ஒரு புது ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. இன்றைக்கும் முயல்கள் அந்த வழியாகத்தான் சுனைக்குப் போகின்றன.

பாறையை உருட்டி உருட்டி அங்காயிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. நக்குவதை நிறுத்தினாள். கட்டிக்கொள்வதை நிறுத்தினாள். அழக்கூட மூச்சு இல்லை. வந்துடறேன் என்று சொல்லவும் மறந்து, பேசாமல் போனாள், பேசாமல் வந்தாள்.

செவலைக்கும் அலுத்துவிட்டது. முதலில் துள்ளியவன், பிறகு வாலை மட்டும் ஆட்டினான். அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"மறுபடியும் நீதானா?"

"நான்தான். குரங்குக்குச் சளி பிடிச்சிருக்கு."

"சும்மா சும்மா வெளிச்சத்தை விடாதே அக்கா. கண்ணு கூசுது."

அங்காயி தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே போனாள். பாறை உருண்டது. செவலை திரும்பிப் படுத்துக்கொண்டான். பாறை உருண்டு மூடினால் உருண்டு திறக்கும், அவ்வளவுதான் என்று அவன் வயிற்றுக்கே தெரிந்துவிட்டது.

குகை மிதக்கும் மிதக்கும் என்று காத்திருந்த நரி, பாறை இடுக்கில் காதை வைத்துக் கேட்டான். உள்ளே அழுகை இல்லை, ஊளை இல்லை. குறட்டைச் சத்தம்!

நரிக்குப் பகீர் என்றது. "ஏய் பொன்னி, நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு பூனையை நோக்கி ஓடினான். ஓடிய வேகத்தில், அப்போதுதான் நடக்கத் தொடங்கிய அங்காயிக்கு நேர் எதிரே போய் நின்றான்.

அங்காயியின் முகம் மலர்ந்தது. "அட, நரி எதிர்ல வந்துட்டான். இனிமே என்ன குறை?"

"அக்கா, போகாதே. இங்கேயே இரு."

"உன் முகத்துல முழிச்ச பிறகும் இருப்பேனா? நல்லா இருப்பேடா நீ."

அவள் திரும்பியே பார்க்கவில்லை. இலுப்பைத் தோப்புக்குப் போய், பட்டினி கிடந்த நாளுக்கெல்லாம் சேர்த்துத் தின்றாள். அவள் தின்று முடித்தபோது மரங்கள் எடை குறைந்து ஒரு சாண் நிமிர்ந்து நின்றன. பொழுது சாயும்போது பயந்துகொண்டே மலையேறினாள்.

வாசலில் முள்ளம்பன்றியார் காத்திருந்தார். அங்காயி பாறையைத் தள்ளினாள். அவர் உள்ளே போய் மூலைமூலையாக மோந்தார். வௌவால்கள் வேறு தெளிவாகக் கண்ணை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நாறலையே" என்றார். சண்டை போட முடியாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பேச்சுக்குரல் கேட்டுச் செவலை சோம்பல் முறித்து எழுந்தான். அடி விழுமோ என்று ஒரு நொடி காதை மடக்கினான். அங்காயி கை ஓங்கவில்லை. வெளியே புதர்ப்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே வேலையை முடித்துவிட்டு அவன் வந்தபோது, முகவாயைச் சொறிந்துகொடுத்தாள்.

"பயமா இல்லையாடா?"

"நீதான் வந்துக்கிட்டே இருக்கியே. எப்ப பயப்படறது?"

அங்காயி அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து சகுனம் கெடாவிட்டாலும் கொஞ்ச தூரம் போவாள், வருவாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் தூரம். போகும்போது கடிக்க ஒரு எலும்பைப் போட்டுவிட்டு, ஆர்ப்பாட்டம் இல்லாமல் நடப்பாள். ஒரு நாள் நடுவில் அவன் மறுபடி அசிங்கம் செய்துவிட்டபோதும் அவள் திட்டவில்லை. நொச்சி இலையைக் கசக்கி, வாசனை தங்காதபடி இடத்தை அழுந்தத் தேய்த்துக் கழுவிவிட்டாள். மாசம் திரும்புவதற்குள் குகை மணத்தது. பின்வளையில் முள்ளம்பன்றியாருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. முள் இன்னும் கெட்டியாகாத அந்தப் பிள்ளைகளுக்குச் செவலைதான் காவல்.

நரி மட்டும் சுனைப்பக்கம் வருவதில்லை. பசியோடு காத்திருந்த சிறுத்தை, நாய்க்குப் பதிலாக அவனைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பயத்தால் தப்புச் செய்கிறவனை அடித்தால் பயம்தான் வளரும். போனவர் திரும்பி வருவார் என்பதை வாயால் சொல்லாமல் வந்து வந்து காட்டினால்தான் அந்தப் பயம் போகும்.