பாறைமேல் நின்றவள்

"என் கவிதையில அயர்லாந்து இல்லையாம் டீச்சர்" என்றாள் டெர்வ்லா.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மீன் கம்பெனியில் கானாங்கெளுத்தி அரிகிறவள் அவள். கவிதை சொல்லித்தரும் சோர்ஹாவுக்கோ அவளுடைய மகள் வயசு.

"யார் சொன்னது?"

"விழா நடத்துற ஃபின்டன். மீன் செதிலும் தாய்ப்பாலும் கவிதையாகுமான்னு கேக்குறார். நாட்டைப் பாடினாத்தான் சனிக்கிழமை மேடையாம். கம்பெனிப் பொம்பளைங்க அத்தனை பேரும் வராங்க. பேர் இல்லேன்னா நான் எந்த முகத்தோட வேலைக்குப் போவேன்?"

அந்த நாட்டுக் கவிராயர்களுக்கு ஒரு வழக்கம். நாட்டைப் பெண்ணாக்கிப் பாறைமேல் நிறுத்திவிடுவார்கள். கண்ணீர் விட அவளுக்கு உரிமை உண்டு. கால் மாற்றி நிற்கக் கிடையாது.

டெர்வ்லாவும் அப்படி ஒருத்தியை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வாசித்துக் காட்டினாள்.

"காலையில என்ன சாப்பிட்டா?" என்றாள் சோர்ஹா.

"யாரு?"

"பாறைமேல நிக்கிறாளே, அவ."

"அவ ராணி டீச்சர்."

"ராணிக்கு வயிறு கிடையாதா? சரி, கால்ல என்ன போட்டிருக்கா?"

டெர்வ்லா தாளைப் பார்த்தாள். கிரீடம் இருந்தது, கூந்தல் இருந்தது, இடுப்பு இருந்தது. அதற்குக் கீழே நேராகப் பாறைதான்.

"கால் வைக்க மறந்துட்டேன்."

"எல்லாரும் அங்கதான்க்கா மறக்கிறாங்க."

சோர்ஹா ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டாள்.

"பாவம், உக்காரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

டெர்வ்லா காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி அதன் முன்னால் வைத்தாள்.

ஃபின்டனிடம் முதல் நாலு வரியை மட்டும் காட்டினாள். பாறை, கடல், கிரீடம். இடம் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை டெர்வ்லா மேடையேறி வாசித்தாள். ஐந்தாவது வரியில் ராணி பாறையை விட்டு இறங்கினாள்.

பூட்ஸை மாட்டினாள். மீன் அரிந்தாள். வீட்டில் பிள்ளை அழுகிற நேரம் மார்பு கனத்தது. கம்பெனிக் கழிப்பறையில் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்து, மறுபடி கத்தியை எடுத்தாள்.

டெர்வ்லா வாசித்து முடித்துத் தாளை மடித்தாள்.

மண்டபத்தின் பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். பிறகு அந்த வரிசையே எழுந்தது. வேலை முடிந்து அப்படியே வந்த பெண்கள். அவர்கள் கைதட்டவில்லை. பூட்ஸ் காலால் மரத்தரையை மிதித்தார்கள். மிதிக்க மிதிக்க, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ஃபின்டன் சோர்ஹாவின் பக்கம் சாய்ந்தார்.

"எல்லாம் சரிம்மா. பாறைமேல நின்னாளே, அவ எங்க?"

"கேக்கலையா உங்களுக்கு?" என்றாள் சோர்ஹா.