கதவுக்கு அந்தப் பக்கம்

மழை பொய்த்துப்போன ஒரு கடற்கரை நாடு. அதன் அமைச்சர் செங்கோடன், விடிந்ததும் விடியாததுமாகத் தன் குரு பெரியநாச்சி அம்மையிடம் ஓடி வந்தார்.

"அம்மா, வெளிநாட்டு வணிகர்கள் ஆலை கட்ட இடம் தேடுகிறார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து நாட்டுக்காரன் நிலத்தைச் சும்மா தருகிறானாம். நான் வரியே வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா? எப்படியாவது அவர்கள் நம்மிடம் வர வேண்டும். ஊர் பட்டினி கிடக்கிறது."

வரியை விட்டுக்கொடுப்பதில் அமைச்சர்களுக்கு என்றுமே தாராள மனசுதான். அது அவர்கள் வீட்டுப் பணம் இல்லையே.

அம்மை செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

உச்சிவெயிலில் வேறொரு ஊரின் துறைமுகத்தை அடைந்தார்கள். கப்பல் ஒன்றுகூட இல்லை. நீளமாக ஒரு கொட்டகை மட்டும் இருந்தது.

மணி அடித்தது. வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, கொட்டகையில் ஒரு நீண்ட மேசை முன்னால் வரிசையாக நின்றார்கள். மேசைமேல் ஒன்றும் இல்லை. ஆனாலும் கைகள் அசையத் தொடங்கின. ஒருவர் இல்லாத ஒன்றை எடுத்தார். அடுத்தவர் அதைத் தட்டினார். அதற்கடுத்தவர் நகர்த்திவிட்டார். யாரும் பேசவில்லை.

கடைசியில், மூடிய ஒரு கதவருகே நின்ற பெண்ணிடம் செங்கோடன் கேட்டார்.

"என்னம்மா செய்கிறீர்கள்?"

"வேலைங்க."

"ஆலைக்காரர்கள் எங்கே?"

"போயிட்டாங்க. வேற ஊர்ல கூலி கம்மியாம். திரும்பி வந்தா கை மறந்திருக்கக் கூடாதுல்ல?"

"என்ன பொருள் செய்தீர்கள்?"

அவள் கை நிற்கவில்லை. "நான் இடது பக்கம் ஒரு திருகு திருகி அந்தக் கதவுக்குள்ள தள்ளுவேன். உள்ள அது என்னவா ஆச்சுன்னு எங்க ஊர்ல யாரும் பார்த்ததில்லைங்க."

அம்மை அந்தக் கதவைத் தள்ளினார். வெறும் அறை. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போன துளைகள் மட்டும் தரையில் இருந்தன.

செங்கோடன் வெளியே ஓடி வந்தார். அவருடைய வலது கை காற்றில் எதையோ திருகிக்கொண்டிருந்தது. பதறிப்போய் அதை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் அம்மா! அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்."

"பிறகு ஊருக்கு எங்கிருந்து சோறு போடுவாய்?"

"வேறு என்னதான் செய்வது?"

"வரச் சொல். நிலம் கொடு, தண்ணீர் கொடு. கதவுக்கு உள்ளே நம் ஆட்கள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று மட்டும் முதலில் கேள்."