தங்கக் கோடா, வெள்ளிக் கோடா?

மினுக்கி என்ற அந்த அந்துப்பூச்சி அரிசிமணியில் பாதிகூட இராது. ஆனால் அவள் சிறகுகளில் இருந்த கோடுகள், பொற்கொல்லன் அப்போதுதான் மெருகு போட்டுக் கொடுத்ததுபோல் தகதகவென்று மின்னும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று காலை அந்தக் கர்வமெல்லாம் பனியில் நனைந்து போயிற்று. காட்டுக் குளத்தோரம் ஒரு சேம்பிலையில் அயர்ந்து தூங்கியவள் விழித்துப் பார்த்தாள். சிறகு இரண்டும் ஈரமாகி இலையோடு ஒட்டிக் கிடந்தன. வெயில் ஏறிச் சிறகு காயும்வரை பறக்க முடியாது.

அந்த நேரம் பார்த்தா தலையாட்டி ஓணான் வந்து சேர வேண்டும்! இலைக்குக் கிழக்கே ஒரு காய்ந்த குச்சியில் ஏறி நின்று, அது அவளை உற்றுப் பார்த்தது.

"தங்கக் கோடு! வெல்லப்பூச்சி! இன்னைக்கு என் நாக்கு கொடுத்து வச்சது!"

மினுக்கிக்கு உயிரே போய்விட்டது. அந்தக் குளக்கரையில் எல்லோருக்கும் தெரிந்த சேதி இது. தங்கக் கோடு போட்ட பூச்சி வெல்லமாய் இனிக்கும். வெள்ளிக் கோடு போட்டதோ எட்டிக்காய். தின்றவன் நாக்கு வீங்கி, நாள் முழுக்கப் பட்டினி கிடப்பான்.

"அவசரப்படாதீங்க அண்ணே! எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுக்குங்க" என்றாள்.

மேற்கே ஒரு பாசிக்கல்லின்மேல் உட்கார்ந்திருந்த தொந்தியன் தவளை, கேட்காமலே வாயைத் திறந்தது.

"அது வெள்ளி! சுத்த வெள்ளி! போன மழைக்கு இதே மாதிரி ஒரு சனியனைத் தின்னுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"வெள்ளியா? உன் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று சீறியது ஓணான். "என்னை ஏமாத்திட்டு நீ முழுங்கலாம்னு பார்க்கிறே!"

"தாராளமா நீயே தின்னு! யாரு வேணாம்னா? நாக்கு வீங்கினா என்கிட்ட வந்து அழாதே!"

தலையாட்டிக்குப் பூச்சிமேலும் ஆசை, தன் நாக்கின்மேலும் ஆசை. தலையை மேலும் கீழுமாக ஆட்டியது. 'சரி' என்றாலும் அது அப்படித்தான் ஆட்டும், 'இல்லை' என்றாலும் அப்படித்தான் ஆட்டும். பிறவிக் குணம், என்ன செய்வது?

மினுக்கிக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டும் பொய் சொல்லவில்லை. வெயில் சாய்வாக விழுந்ததால் கிழக்கே நின்று பார்த்தால் கோடுகள் ஒரு நிறமாகவும் மேற்கே நின்று பார்த்தால் வேறு நிறமாகவும் மின்னின. இதை எடுத்துச் சொன்னால் சண்டை தீர்ந்துவிடும். சண்டை தீர்ந்தால் யாராவது ஒருவர் துணிந்து நாக்கை நீட்டுவார், அவள் கதையும் தீர்ந்துவிடும்! அதனால் அதைச் சொல்லாமல் வேறொன்று சொன்னாள்.

"ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் நின்னு பாருங்களேன். உண்மை தெரிஞ்சுட்டுப் போகுது!"

தவளை தத்தித் தத்திக் கிழக்கே வந்தது. ஓணான் பாசியில் ஏறுவதும் வழுக்குவதுமாக மேற்கே போய்ச் சேர்ந்தது. அதற்குள் மினுக்கிக்கு ஒரு சிறகு காய்ந்துவிட்டது.

இரண்டும் பார்த்தன. இரண்டின் முகத்திலும் ஈயாடவில்லை.

"அடடா, நீ சொன்னதுதான் சரி. தங்கம்!" என்றது தவளை.

"ஐயையோ, தொட்டுடாதே! நீ சொன்னதுதான் சரி. வெள்ளி!" என்றது ஓணான்.

"தங்கம்னு நீதானே சொன்னே?"

"அப்போ சொன்னேன். இப்போ எனக்குப் புத்தி வந்துடுச்சு!"

"நான்தான் என் தப்பை ஒத்துக்கிட்டேனே! அப்புறம் என்ன?"

"என் தப்பை நான் ஒத்துக்கக் கூடாதா? நீ யாருடா தடுக்கிறதுக்கு?"

விட்டுக்கொடுப்பதற்காகவும் அடித்துக்கொள்ளும் ஆட்களை மினுக்கி அன்றுதான் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயத்தில் அதை அடக்கிக்கொண்டு, வெயில் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பிப் படுத்தாள்.

வெயில் சுள்ளென்று ஏறியது. மறு சிறகும் காய்ந்தது. மெல்ல அசைத்துப் பார்த்தாள். அசைந்தது! 'விர்'ரென்று கிளம்பிவிட்டாள்.

"போகுது! போகுது!"

தங்கமாவது வெள்ளியாவது! இரண்டும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. 'ணங்' என்று மண்டையோடு மண்டை மோதி, தொபுக்கென்று குளத்தில் விழுந்தன. தவளைக்கு நீச்சல் தெரியும். ஓணான் தண்ணீரைக் குடித்துத் தத்தளித்து, கரையேறியதும் மேலே அண்ணாந்து பார்த்தது.

"அம்மா தாயே! போறது போறே, நீ வெல்லமா எட்டியான்னாவது சொல்லிட்டுப் போ!"

உயரே ஒரு மரக்கிளையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய மினுக்கிக்கு இப்போது சிரிக்கப் பயமில்லை.

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணே? நான் என்னைத் தின்னு பார்த்ததே இல்லையே!"

தான் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதே முழு உண்மை என்று சண்டைக்கு நிற்பவர்களுக்கு, கைக்கு எட்டியதும் வாய்க்கு எட்டாது.